லட்ச ரூபாய் வாட்ச் நேரம் தப்பினால்

பல லட்சம் கொடுத்து வாங்கிய, கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்ச் வாரத்துக்கு ஒரு நிமிஷம் ஃபாஸ்ட் போகிறது என்று வீட்டில் சொன்னால், "ஆயிரம் ரூபாய் பேட்டரி வாட்ச் ஒழுங்கா ஓடுதே" என்றுதான் முதலில் பதில் வரும். சொல்வது சரிதான். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கே 15, 20 செகண்ட்தான் தப்பும். மெக்கானிக்கல் வாட்ச் ஒரே நாளில் அதில் பாதி தப்பினாலும் நன்றாக ஓடுகிறது என்றுதான் கடைக்காரர் சொல்வார். அதனால் தப்புகிறதா என்று பார்ப்பதைவிட எப்படித் தப்புகிறது என்று பார்க்க வேண்டும். தினமும் மாறாமல் 8 செகண்ட் கூடும் வாட்சின் உடம்புக்கு ஒன்றுமில்லை, சின்னதாகத் திருகிவிட்டால் போதும். இன்று +2, நாளை −9, மறுநாள் +14 என்று அலைகிற வாட்சைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

கம்பெனி என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் சி.ஓ.எஸ்.சி. அமைப்பிடம் குரோனோமீட்டர், அதாவது துல்லியமாக ஓடுவது என்ற சான்றிதழ் வாங்கிய இயந்திரம் ஐந்து நிலைகளிலும், 8, 23, 38 டிகிரி வெப்பத்திலும் 15 நாள் ஓடி, நாளுக்குச் சராசரியாக −4 முதல் +6 செகண்டுக்குள் நின்றிருக்க வேண்டும். ரோலெக்ஸ், கேஸுக்குள் பொருத்திய பிறகு ±2 என்கிறது. ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டருக்கு 0 முதல் +5. ஆனால் விலை அதிகம் என்பதாலேயே ஒரு வாட்ச் குரோனோமீட்டர் ஆகிவிடாது. பல சுவிஸ் பிராண்டுகளில் உள்ளே இருக்கும் இ.டி.ஏ. கம்பெனியின் 2824 ஒரே இயந்திரம்தான், தரம்தான் வேறு: ஸ்டாண்டர்டுக்கு ±12, எலபோரேவுக்கு ±7, டாப்புக்கு ±4 செகண்ட். ஸ்டாண்டர்டு தரம் போட்ட வாட்சை வைத்துக்கொண்டு "ஒரு நாளைக்குப் பத்து செகண்ட் அதிகமா ஓடுது" என்று கடையில் சண்டை போட்டால் எடுபடாது.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். போனில் தானியங்கி நேரம் ஆன் செய்திருந்தால் அதுவே போதும். வாட்சுக்குச் சாவி கொடுத்து முழுதாக ஏற்றுங்கள். ஆட்டோமேட்டிக்கில் 30, 40 சுற்றுக்குப் பிறகு மெயின்ஸ்பிரிங் (வாட்சை ஓட்டும் சுருள்வில்) உள்ளேயே வழுக்கிக்கொள்ளும், அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். கையால் மட்டும் சாவி கொடுக்கும் வாட்ச் ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும், அதற்கு மேல் திருகக் கூடாது. சாவியை (பக்கவாட்டில் இருக்கும் குமிழை) வெளியே இழுத்ததும் செகண்ட் முள் நிற்கும் ரகமென்றால், முள் 12-ல் இருக்கும்போது இழுத்து, போனில் நிமிஷம் மாறும் நொடியில் உள்ளே தள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் குறித்தால் போதும், ஆனால் வெறும் வித்தியாசம் மட்டும் எழுதினால் பயன் குறைவு. எத்தனை மணி நேரம் கையில் இருந்தது, இரவில் எப்படி வைத்தீர்கள் (டயல் மேலே பார்த்தா, சாவி மேலே பார்த்தா, சாவி கீழே பார்த்தா) என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பாதி நோய் அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும். தேதி காட்டும் வாட்ச் என்றால் இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை தேதியை மட்டும் கையால் மாற்றாதீர்கள்.

வாட்சின் டிக் சத்தத்தைக் கேட்டுக் கணக்குச் சொல்லும் ஆப்களும் இருக்கின்றன. மணிக்கு 28,800 துடிப்புள்ள வாட்ச் ஒரு நாளில் 6,91,200 முறை டிக் அடிக்கிறது, ஆப் அதில் சில நூறைத்தான் கேட்கிறது. சாவியை மைக்கோடு ஒட்டிவைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, நள்ளிரவில் செய்தால் ஓரளவு நம்பலாம். மதுரை மாசி வீதிப் பக்கம் பகலில் செய்தால் ஹாரனைத்தான் அளப்பீர்கள்.

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று முந்தினால் முதல் சந்தேகம் காந்தம். முடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி, அது இழுத்து ஆட்டும் பேலன்ஸ் வீல் (இப்படியும் அப்படியும் ஊசலாடி நேரத்தை அளக்கும் சக்கரம்) வேகமாக அடிக்கும். கப்பலூர் தொழிற்பேட்டையில் மோட்டாரோடும் வெல்டிங்கோடும் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு டேப்லெட் உறை, போனின் காந்த ஸ்டாண்ட், ஹேண்ட்பேக் பட்டன், ப்ளூடூத் ஸ்பீக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் இருக்கின்றன. தூரம் கொஞ்சம் கூடினாலே காந்தத்தின் பலம் மளமளவென்று குறையும். ஸ்பீக்கர் இருக்கும் அறையில் வாட்ச் இருப்பதால் ஒன்றும் ஆகாது, அதன் தலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவதால்தான் ஆகிறது. சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் உள்ளவை, 15,000 காஸ் வரை காந்தம் தாங்கும் ஒமேகா மாஸ்டர் குரோனோமீட்டர்கள் ஆகியவற்றில் இந்தச் சந்தேகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

சோதிக்க ஒரு சின்னத் திசைகாட்டி போதும். மேசையில் வைத்து வாட்சை அதன் மேல் மெதுவாக நகர்த்துங்கள். ஸ்டீல் பாகங்களுக்கு முள் லேசாகத் திரும்பத்தான் செய்யும், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. முள் சட்டென்று இழுபட்டால், அல்லது பேலன்ஸ் வீல் இருக்கும் இடத்துக்கு மேலே வரும்போது நடுங்கினால், காந்தம் ஏறியிருக்கிறது. இறக்குவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் காந்தம் இறக்கும் மின்சுருள் பெட்டியில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். செயினை விரித்து வாட்சைப் பெட்டியின் மேல் வைக்க வேண்டும். பட்டனை அழுத்தியபடியே வாட்சை மெதுவாகத் தூக்கிக் கை நீளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகுதான் பட்டனை விட வேண்டும். வாட்ச் பெட்டி மேல் இருக்கும்போதே பட்டனை விட்டால் முன்பைவிட அதிகமாக ஏறிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ரிப்பேர்க் கடையில் கொடுத்தால் சில நொடியில் முடித்துத் தருவார்கள். காந்தம் இறங்கியும் வேகம் குறையவில்லை என்றால் வேறு இரண்டு சாத்தியங்கள்: கீழே விழுந்த அதிர்ச்சியில் சுருள் ஒன்றில் ஒன்று மாட்டியிருக்கலாம், அல்லது ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். இன்காப்ளாக் போன்ற அதிர்ச்சித் தாங்கிகள் பேலன்ஸ் வீலின் மெல்லிய அச்சைத்தான் காப்பாற்றும், ஹேர்ஸ்பிரிங்குக்கு அந்தக் காவல் கிடையாது. மேலூர்ப் பக்கம் ஸ்பீட் பிரேக்கரில் பைக் குதிப்பதைவிட, கை கழுவக் கழற்றும்போது டைல்ஸ் தரையில் நழுவுவதுதான் ஆபத்து.

கையில் கட்டியிருக்கும்போது ஒழுங்காக ஓடி, காலையில் எடுத்தால் பின்தங்கியிருக்கும் வாட்சுக்குப் பெரும்பாலும் பசிதான். ஏசி அறையில் நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவரின் கை அசைவு சில வாட்சுகளுக்குப் போதாது. மெயின்ஸ்பிரிங் பாதிக்குக் கீழே இறங்கும்போது பேலன்ஸ் வீலின் வீச்சு குறைந்து வேகமும் மாறும். காலையில் 20 சுற்று சாவி கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் சரியானால் சர்வீஸ் செலவு மிச்சம். கட்டாத நேரத்தில் வாட்சைச் சுழற்றிச் சாவி ஏற்றும் மலிவான வைண்டர் பெட்டி வாங்குவதாக இருந்தால் மோட்டாருக்குக் காந்தத் தடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அதுவே ஒரு காந்தம்.

இரவில் வைக்கும் நிலைக்கும் வேலை இருக்கிறது. எந்த நிலையில் முந்துகிறது, எதில் பிந்துகிறது என்பது வாட்சுக்கு வாட்ச் மாறும், இணையத்தில் ஒருவர் சொன்னதை அப்படியே பின்பற்றிப் பயனில்லை. உங்கள் காகிதத்தைப் பாருங்கள். பகலில் 5 செகண்ட் கூடும் வாட்ச் சாவியைக் கீழே வைத்தால் இரவில் 4 இழக்கிறது என்றால், தினமும் அப்படியே வைத்துவிட்டுத் தூங்கலாம்.

மதுரை வெயிலைப் பற்றி நிறையப் பயம் இருக்கிறது. கத்திரி வெயிலில் கையில் கட்டியிருப்பதால் மட்டும் வாட்ச் கெடாது. இன்றைய ஹேர்ஸ்பிரிங் உலோகங்கள் வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும்படி செய்யப்பட்டவை. மாட்டுத்தாவணியில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் விட்டுப்போவது வேறு விஷயம், அங்கே எண்ணெயும் ரப்பர் வளையங்களும் சீக்கிரம் கிழடாகும். வியர்வை உப்பு சாவியின் அடியில் சேரும், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று நாலாபக்கமும் தண்ணீர் பீய்ச்சுவார்கள். தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்ட வாட்சை அங்கே கட்டிப்போகாமல் இருப்பது உத்தமம். திருகுச்சாவி வாட்ச் என்றால் நன்றாகத் திருகி மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்தால் அன்றே கடைக்குப் போக வேண்டும். துரு பிடித்த பிறகு நேரம் தப்புவது சின்னக் கவலையாகிவிடும்.

வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடை மாறிக்கொண்டே வந்தால் எண்ணெய் காய்ந்துவிட்டது, ஓவர்ஹாலிங் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். டிக் சத்தத்தைக் கேட்டு நடையை அளக்கும் டைம்கிராஃபர் மெஷின் இருக்கும் கடையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, பேலன்ஸ் வீலின் வீச்சு 270 டிகிரிக்கும் 310 டிகிரிக்கும் இடையில் இருந்தால் நலம். ஒரு நாள் கழித்து, வாட்சை நிமிர்த்தி வைக்கையில் 200-ஐ நெருங்கினால் காலம் கடத்தக் கூடாது. பீட் எரர் (டிக்குக்கும் டாக்குக்கும் இடையிலான நேர வித்தியாசம்) 0.5 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது. ஒன்றைக் கவனியுங்கள்: இயந்திரத்துக்கு ஏற்ற லிஃப்ட் ஆங்கிளை (வீச்சைக் கணக்கிட மெஷினுக்குத் தர வேண்டிய கோணம்) மெஷினில் போட்டார்களா? இ.டி.ஏ. 2824-க்கு 50, ரோலெக்ஸ் 3135-க்கு 52, ஒமேகாவின் கோஆக்சியல் ரக இயந்திரத்துக்கு 38. கோஆக்சியலை 52-ல் வைத்து அளந்தால் நிஜமான 270 டிகிரி வீச்சு 360-ஐத் தாண்டிக் காட்டும், இல்லாத வியாதிக்கு மருந்து எழுதிவிடுவார்கள்.

யாரிடம் கொடுப்பது? டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் எச்.எம்.டி.யும் சீக்கோவும் பிரித்துக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். உத்தரவாதம் முடிந்த இ.டி.ஏ., செலிட்டா இயந்திரங்களை, டைம்கிராஃபரும் தண்ணீர்ச் சோதனைக் கருவியும் வைத்திருப்பவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். அவற்றில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சின்ன நெம்புகோல் ஒன்று உண்டு. ரோலெக்ஸ் போன்றவற்றில் அது கிடையாது, பேலன்ஸ் வீலின் விளிம்பிலுள்ள குட்டித் திருகுகளைத் தனிக் கருவியால்தான் திருப்ப வேண்டும். "பார்த்துடலாம் சார்" என்று சாதாரணக் குறடோடு வருபவரிடம் அதைக் கொடுக்காதீர்கள். உத்தரவாதத்துக்குள் இருந்தால் பின்மூடியையே யாரையும் தொடவிடக் கூடாது.

கம்பெனி சர்வீஸுக்கு மதுரையிலிருந்து பெரும்பாலும் வெளியூருக்குத்தான் வாட்ச் போகும். கொடுக்கும் முன் சீரியல் எண், கேஸ், செயின், கண்ணாடி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். "டைம் சரியில்லை" என்று மொட்டையாக எழுதவிடாமல், "நாளைக்கு +14, சாவி மேலே வைத்தால் +22, முழுச் சாவியில்" என்று உங்கள் காகிதத்தில் உள்ளதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பாலிஷ் வேண்டாம் என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். கேட்காமலே பாலிஷ் போட்டு விளிம்புகளை மழுக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு, போன உலோகம் திரும்பி வராது.

சர்வீஸ் முடிந்து வந்ததும் திருப்தியோடு பெட்டியில் வைத்துவிடாமல் மறுபடி ஒரு வாரம் அளந்துபாருங்கள். முழுச் சாவி கொடுத்த சில மணி நேரம் மட்டும் தாறுமாறாக ஃபாஸ்ட் ஓடி, பிறகு ஒழுங்காகிறது என்றால் அளவுக்கு மீறிய பலத்தில் மெயின்ஸ்பிரிங் போட்டிருக்கலாம். வீச்சு 330-ஐத் தாண்டும்போது பேலன்ஸ் வீல் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று போய் முட்டித் திரும்பும். இதைச் சில நாளில் "செட் ஆயிரும்" என்று சொல்லி அனுப்புவார்கள். ஆகாது. சர்வீஸுக்கும் உத்தரவாதம் உண்டு, ரோலெக்ஸில் அது 2 வருடம். ரசீதை எடுத்துக்கொண்டு அதே வாரத்தில் திருப்பிக் கொடுங்கள்.