திங்க்பேட் எக்ஸ்230-இல் லினக்ஸ் மின்ட்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட நினைப்பவர்கள் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் வகை) என்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் டிஸ்க்கும், வீடியோ எந்த கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) ஓடுகிறது என்பதும்தான். 2012-இல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230-இல் இது தெளிவாகத் தெரியும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் குறைந்தது 8ஆம் தலைமுறை பிராசசரும் வேண்டும். இதில் இருப்பது 3ஆம் தலைமுறை. 2029 வரை அப்டேட் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 22-இன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் பதிப்பு இதற்குப் பொருத்தம்.

முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். தடிமன் 7 மி.மீ. இருக்க வேண்டும். சிறிய அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்-சாட்டா இடமும் உண்டு, ஆனால் அது விநாடிக்கு 3 ஜிகாபிட்தான். சிஸ்டத்தை 2.5 அங்குல முதன்மை இடத்தில் வைப்பதே நல்லது. ரேம் டிடிஆர்3, இரண்டு ஸ்லாட், 16 ஜி.பி. வரை. 4 ஜி.பி.-யிலும் ஓடும், பிரவுசர் டேப் கூடினால் திணறும். ரேமில் உள்ளதைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தும் இசட்ரேம் போட்டால் ஓரளவு தாக்குப்பிடிக்கும், 8 ஜி.பி.-க்கு அது ஈடாகாது. வை-ஃபை கார்டை மட்டும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பயாஸ் அனுமதிக்காத கார்டு என்றால் 1802 என்ற பிழையைக் காட்டி பூட் ஆகாமல் நின்றுவிடும்.

மின்டின் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால்) கோப்பு ஏறத்தாழ 3 ஜி.பி.; 8 ஜி.பி. பென்டிரைவ் தாராளம். எழுதுவதற்கு முன் கோப்பு முழுதாக இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள். பாதியில் நிற்கும் இன்ஸ்டால்களில் பல, அரைகுறையாக இறங்கிய கோப்பால் வருபவை. எஃப்12 அழுத்திப் பென்டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் செய்வதற்கு முன் லைவ் நிலையிலேயே வை-ஃபை, ஒலி, வெளிச்சம், மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா என எல்லாம் பாருங்கள். இன்ஸ்டால் செய்யும்போது மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்பினால் கவனம் தேவை. விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் இருக்க, பென்டிரைவை லெகசி என்ற பழைய முறையில் பூட் செய்து இன்ஸ்டால் செய்தால், எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் விண்டோஸ் வராது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்காவிட்டால் அதன் என்டிஎஃப்எஸ் டிஸ்க் பகுதியை லினக்ஸில் திறக்கலாம், எழுத முடியாது.

இனி, பலரும் கவனிக்காத வீடியோ விஷயம். யூடியூப் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 கோடெக்கில் அனுப்புகிறது. இதிலுள்ள இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ், பழைய கோடெக்கான எச்.264-ஐ வன்பொருளில் விரிக்கும். விபி9, ஏவி1 இரண்டும் முழுக்க பிராசசரின் தலையில் விழும். ஃபேன் அலறும், பேட்டரி கரையும், பழி லினக்ஸ் மேல் போகும். பிரவுசரில் எச்264இஃபை போன்ற ஆட்-ஆன் ஒன்றைச் சேர்த்தால் யூடியூப் எச்.264-இலேயே அனுப்பும். 1080பி-க்கு மேல் கிடைக்காது; திரையே 1366×768 என்பதால் 720பி போதும். வன்பொருள் முடுக்கத்துக்கான டிரைவர் ஐ965. புதிய ஐஎச்டி டிரைவர் இந்தத் தலைமுறைக்கு உதவாது. டெர்மினலில் வி.ஏ.இன்ஃபோ (vainfo) கட்டளையை ஓட்டி, எச்.264 வரிகள் வருகின்றனவா என்று பாருங்கள்.

எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு, மின்சாரத்தையும் சார்ஜையும் கட்டுப்படுத்தும் டிஎல்பி என்ற கருவி அவசியம். சார்ஜ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தொடங்கி 80-இல் நிற்குமாறு வைத்தால் பேட்டரி வீணாவது குறையும். அதே வேலையைச் செய்யும் பவர் புரொஃபைல்ஸ் டீமனும் டிஎல்பியும் ஒன்றாக இருக்கக் கூடாது. முன்னது இருந்தால் நீக்கிவிடுங்கள்.

தமிழ்99-இல் தட்டச்சு செய்பவர்கள் கீபோர்டு லேஅவுட் பட்டியலில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து ஏமாற வேண்டாம். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் இயங்குவது; மெய்யில் உயிர் ஏறுவதும் புள்ளி தானாக விழுவதும் அதில் நடக்காது. ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, அதிலிருக்கும் தமிழ்99-ஐச் சேர்த்தால் சரியாக வரும். லிப்ரே ஆபிஸில் தமிழ் எழுத்துரு மாறவே மறுக்கிறது என்றால், ஆப்ஷன்ஸில் ரைட்டருக்குக் கீழே உள்ள சிடிஎல் (எழுத்துகள் சேர்ந்து வடிவம் மாறும் மொழிகள்) ஃபான்ட் பக்கத்தில் மாற்றுங்கள்; தமிழ் அந்தப் பிரிவில் வருகிறது. விண்டோஸில் வரும் லதா எழுத்துருவில் தயாரித்த கோப்புகள் இங்கே வேறு எழுத்துருவில் திறக்கும், பக்கங்கள் நகரும். அலுவலகத்துக்கு அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் சிக்கல் இல்லை.