சால்ஸ்பர்க் தாலர்: லோட்ரோனா, கொலொரெடோவா?

இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க்கின் பேராயர்கள் திருச்சபைத் தலைவர்கள் மட்டுமல்ல, நாடாண்டவர்களும்கூட. அவர்கள் அடித்த தாலர் என்னும் பெரிய வெள்ளிக் காசுகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், போட்டி பெரும்பாலும் இரண்டுக்குள் முடிந்துவிடும்: பாரிஸ் லோட்ரோன் (1619–1653) காலத்து மாதா தாலர், இசைமேதை மொசார்ட்டின் முதலாளியாக இருந்த கொலொரெடோவின் 18ஆம் நூற்றாண்டுத் தாலர். என் ஓட்டு லோட்ரோனுக்கே.

கொலொரெடோ காசு ஒழுங்கானது. 28.06 கிராம், 833 தரம் (ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி). ஒரு பக்கம் முகம், மறுபக்கம் சின்னம். அச்சு சீராக இருப்பதால் தேய்மானம் சட்டென்று தெரியும். புதிதாகத் தொடங்குபவருக்கு ஆபத்து குறைவு.

லோட்ரோன் காசு விதிப்படி 29.23 கிராம், 889 தரம். கையில் வருவது சற்றுக் குறைவாகவே நிற்கும். ஒரு பக்கம் குழந்தையோடு மாதா, மறுபக்கம் உப்புப் பாத்திரம் ஏந்திய புனித ரூபர்ட். முப்பதாண்டுப் போருக்குள் ஊரை இழுத்துவிடாமல் காத்தவரின் காசு, அதுவும் எளிதில் கிடைக்கக்கூடியது, வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று உண்டு: வளையத் தடம் இல்லாத விளிம்பு. மாதா உருவம் இருப்பதால் இவற்றைப் பதக்கமாக மாட்டினார்கள், ஆல்ப்ஸ் பகுதி உடைச் சங்கிலிகளிலும் கோத்தார்கள். பிறகு வளையத்தை அறுத்து அராவிவிட்டால், திரும்ப விற்கும்போது விலை பலமாக அடிபடும். மாதாவின் தலைக்கு நேர் மேலே உள்ள விளிம்பை 10 மடங்கு லென்ஸில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். இணையான அரக் கோடுகள், பற்றாசின் மஞ்சள் சாயல், அந்த இடத்து எழுத்துகள் மட்டும் மழுங்கியிருத்தல் மூன்றும் எச்சரிக்கை. எழுத்துப் பள்ளங்களில் பொன்நிறம் தங்கியிருந்தால் முலாம் பூசிக் கழற்றிய காசு. ஆனால் விளிம்பு கோணலாக இருப்பதே குற்றமல்ல; தகடு அன்றைக்கே சரிவட்டமாக வெட்டப்படவில்லை. அரக் கோடு இல்லாமல், பழைய கருமை தொடர்ச்சியாக ஓடினால் அது பிறவிக் குறை. அரைத் தாலருக்கும் இதே கணக்கு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வார்ப்புப் போலியா என்ற ஐயத்துக்கு அடர்த்திச் சோதனை: கன சென்டிமீட்டருக்கு லோட்ரோனுக்கு ஏறத்தாழ 10.3 கிராம், கொலொரெடோவுக்கு 10.2. வளையத் தடத்தை இது காட்டிக்கொடுக்காது. அதனால் படத்தில் மட்டும் பார்த்து வாங்குவதானால், விளிம்பின் மேல்பகுதியை நெருக்கமாக எடுத்த படம் வராமல் விலை பேச வேண்டாம். வாங்கியபின் திருநீறு போட்டுத் தேய்ப்பதும் கூடாது. பிவிசி உறையும் ஆகாது, பச்சைப் பிசுக்கு படியும்.