சன்ஸ்கிரீன்: டியூப் 450 ரூபாய், ஒரு நாள் முகத்துக்கு எவ்வளவு?

போன பொங்கலுக்குத் தங்கை சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்திருந்தாள். கண்ணாடி முன்னால் கிடந்த என் சன்ஸ்கிரீன் டியூபை எடுத்து அமுக்கிப் பார்த்தவள், "அக்கா, இதை எப்ப வாங்கினே?" என்றாள். ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. "ஆடியா? இப்ப தை பொறந்தாச்சு. 50 கிராம் டியூப் அஞ்சு மாசமா வருதா?" சிக்கனமாகப் போடுகிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "சிக்கனம் இல்லக்கா, நீ போடவே இல்லைன்னு அர்த்தம்."

கடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் சொன்னது சரி. 165 நாள், 50 கிராம், அதாவது ஒரு நாளைக்கு 0.3 கிராம். பட்டாணி அளவு. டியூபில் எஸ்பிஎஃப் 50 என்று போடுகிறார்களே, வெயில் தோலைச் சுடாமல் எவ்வளவு காக்கும் என்று சொல்கிற அந்த எண்ணைச் சோதித்துக் கண்டுபிடிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசித்தான் பார்க்கிறார்கள். முகம் சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.2 கிராம் வேண்டும். நான் போட்டது அதில் கால் பங்கு. கால் பங்கு பூசினால் டியூபில் எழுதியிருக்கிற 50 கிடைக்காது, அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஆக ஐந்து மாதமாக 450 ரூபாய்க்கு நான் வாங்கியது பாதுகாப்பு இல்லை, வெறும் மனத்திருப்தி.

எங்கள் வீட்டில் மோதிரம், மூக்குத்தி நிறுத்துப் பார்க்கச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று உண்டு. அதை எடுத்து வைத்து, ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு இழுத்து, அதை வழித்து ஒரு பிளாஸ்டிக் மூடியில் போட்டு நிறுத்தேன். 1.1 கிராம் காட்டியது. இந்த இரண்டு விரல் கணக்கு யூடியூபில் பிறந்தது என்றுதான் நினைத்திருந்தேன், இல்லையாம். 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு பேர் எழுதியது. உடம்பை 11 பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு விரல் என்றார்கள். அதில் தலை, முகம், கழுத்து சேர்ந்து ஒரு பகுதி. ஒரு கை முழுசும் இன்னொரு பகுதி. கை விஷயம் பர்ஸைக் கடிக்கும், பின்னால் வருகிறேன்.

சரி, 1.2 கிராம் என்று வைத்து, எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் இருந்ததையும், ஆசைப்பட்டு ஆன்லைன் கார்ட்டில் போட்டு வாங்காமல் விட்டதையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். விலையெல்லாம் நாங்கள் கொடுத்தது, பார்த்தது. கடைக்குக் கடை மாறும், அதனால் பிராண்டுப் பெயர் சொல்லவில்லை. தினமும் காலையில் ஒரு தடவை மட்டும் என்று வைத்தால்:

மருந்துக்கடையில் கிடைக்கிற நம்மூர் டியூப், 50 கிராம் 450 ரூபாய். ஒரு தடவைக்கு 10.80, மாதம் 324, டியூப் 41 நாள் வரும்.

அதே டியூபின் குட்டி, 15 கிராம் 150 ரூபாய். ஒரு தடவைக்கு 12, மாதம் 360. பன்னிரண்டே நாளில் தீரும்.

பெரிய பேக், 100 கிராம் 650 ரூபாய். ஒரு தடவைக்கு 7.80, மாதம் 234.

தங்கையின் கொரியன், 50 மில்லி 1,200 ரூபாய். ஒரு தடவைக்கு 28.80, மாதம் 864.

எஸ்பிஎஃப் 15 கலந்த சாதாரண முகக் கிரீம், 50 கிராம் 200 ரூபாய். ஒரு தடவைக்கு 4.80, மாதம் 144.

கடைசியில் இருப்பதை முதலில் தள்ளிவிடலாம். 144 என்றதும் கண்ணை உறுத்தும், ஆனால் முகக் கிரீமை யாரும் இரண்டு விரல் போடுவதில்லை, போட்டால் முகம் வழியும். அளவைக் குறைத்தால் அந்த 15ம் போச்சு. போதாததற்கு, கறுக்க வைக்கிற யூவிஏ கதிருக்கு அதில் என்ன இருக்கிறது என்று பல டப்பாக்களில் ஒரு வார்த்தை இருக்காது. பிஏ என்று எழுதிப் பக்கத்தில் மூன்று, நான்கு பிளஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் யூவிஏ கணக்கு. இன்னொரு பக்கம், எஸ்பிஎஃப் 100 என்று போட்டு இரண்டு மடங்கு விலை சொல்பவர்களிடமும் மயங்க வேண்டாம். சரியான அளவில் போட்டால், தோலைச் சுடுகிற யூவிபி கதிரில் எஸ்பிஎஃப் 30 ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98 சதவீதம். அதற்கு மேல் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் மிச்சம் இருப்பது ஒன்று, இரண்டு சதவீதம்தான்.

குட்டி டியூப் விஷயம் எனக்கே ஆச்சரியம். நாம் ஷாம்பு பாக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்ற நாளிலிருந்து, சின்னது வாங்கினால் லாபம் என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது, ஷாம்புவில் அது பெரும்பாலும் உண்மையும்கூட, மில்லிக்கு மில்லி பார்த்தால் பாட்டிலைவிடப் பாக்கெட் மலிவாக இருப்பதைப் பல கடைகளில் பார்க்கலாம். சன்ஸ்கிரீனில் நேர் எதிர். சின்ன டியூபில் அட்டைக்கும் மூடிக்கும்தான் காசு. ஒத்துக்கொள்கிறதா, பரு வருகிறதா என்று பார்க்க ஒரு தடவை வாங்கலாம். மாதாமாதம் 150 ரூபாய்தானே என்று வாங்குகிறவர்கள் உண்மையில் மாதத்துக்கு இரண்டரை டியூப் வாங்க வேண்டும், வாங்குவதில்லை, அதாவது என்னைப் போலவே பட்டாணி வைக்கிறார்கள்.

இந்த வகுத்தல் பெருக்கல் எல்லாம் கடையில் நின்றுகொண்டு செய்ய வேண்டாம். சில வருடங்களாகப் பேக்கிங் பொருள்களில் எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் அச்சடிக்கிறார்கள். யூஎஸ்பி, அதாவது யூனிட் சேல் பிரைஸ் என்று போட்டிருக்கும். அந்த எண்ணோடு 1.2ஐப் பெருக்கினால் ஒரு காலைப் பொழுதின் செலவு கிடைத்துவிடும். ஆன்லைனில் தள்ளுபடி விலையைக் கிராமால் வகுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 40 சதவீதம் தள்ளுபடி என்று சிவப்பில் கத்துவது பாதி நேரம் 30 கிராம் டியூபாக இருக்கும்.

இப்போது நிஜமான போட்டி, என் மருந்துக்கடை டியூபுக்கும் தங்கையின் கொரியனுக்கும். என்னுடையதைப் பற்றி அவள் கேட்ட கேள்வி: "இது சன்ஸ்கிரீனா சுண்ணாம்பாக்கா?" நியாயம்தான். ஜிங்க் ஆக்சைடு கூடுதலாக இருக்கிற வகை நம் நிறத்தில் விபூதி பூசியது மாதிரி நிற்கும். பத்து நிமிடம் பொறுத்தால் கொஞ்சம் அடங்கும், முழுசாகப் போகாது. அவளுடையது தண்ணீர் மாதிரி இறங்கிவிடுகிறது, மேலே பவுடர்கூடப் பிடிக்கிறது. "பிடிச்சாத்தானேக்கா தினமும் போடுவேன், பிடிக்காததை 450க்கு வாங்கி அலமாரியில வெச்சா அது மட்டும் மிச்சமா?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் தராசில் அவளையும் நிறுத்தச் சொன்னேன். வழக்கமாகப் போடுகிற மாதிரியே போடு என்றேன். 0.6 கிராம்! ஊருக்குத்தான் உபதேசம். 1,200 ரூபாய் பாட்டிலை இரண்டு விரலுக்கு இழுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். அவள் மனதில் இருந்த கணக்கு மாதம் 430 ரூபாய். உண்மையாகப் போட்டால் 864, வருடத்துக்கு 10,512. அதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. என் டியூப் வருடத்துக்கு 3,942, பெரிய பேக் 2,847. விலை கூடிய டியூபின் பெரிய குறையாக நான் பார்ப்பது இதைத்தான், அது நம் கையைக் கட்டிப்போடுகிறது. யோசிக்காமல் பிதுக்க முடிகிற விலையில் இருப்பது எதுவோ அதுதான் எனக்கு நல்ல சன்ஸ்கிரீன், அதன் டெக்ஸ்சர் பத்துக்கு ஆறு மார்க் வாங்கினாலும் பரவாயில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கன்னத்தில் மங்கு இருப்பவர்களுக்கு நிறம் கலந்த வகை நல்லது, அதில் இருக்கிற இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கிறது, மங்கு அந்த வெளிச்சத்திலும் கருக்கும். ஃபவுண்டேஷன் போடுகிறவர்களுக்கு அந்தச் செலவும் கழிந்துவிடும், அதனால் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. கஷ்டம் என்னவென்றால் பல கம்பெனிகள் ஒரே ஒரு ஷேடு வைத்திருக்கின்றன, அதுவும் யாருடைய நிறமோ, நம்முடையது இல்லை. வாங்குவதற்கு முன் தாடை ஓரத்தில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

கை விஷயத்துக்கு வருகிறேன். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து கன்டோன்மென்ட்டுக்கு ஸ்கூட்டரில் போகிறவள். காவிரிப் பாலத்தில் ஏறினால் இறங்கும்வரை பொட்டு நிழல் கிடையாது. சித்திரை, வைகாசியில் நம் ஊர்களில் உச்சிவெயில் நேரத்து யூவி குறியீடு 11ஐத் தாண்டும், அது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் உச்சக் கட்டம். முகத்துக்குப் போட்டால் கைக்கும் வேண்டும்தானே? இரண்டு கைக்கும் இரண்டிரண்டு விரல் என்றால் என் டியூபில் இன்னொரு 21.60 ரூபாய், மொத்தம் ஒரு காலைக்கு 32 ரூபாய்க்கு மேல், மாதம் 972. இங்கே கிரீமைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துணிக்கு வந்துவிட்டேன். சிக்னலில் பெண்கள் போட்டுக்கொண்டு நிற்கிற முழங்கைக்கு மேல் வரை வருகிற அந்தக் காட்டன் கையுறை, 150 ரூபாய். ஏழு நாளில் போட்ட காசு வந்துவிட்டது. கழுத்துக்குத் துப்பட்டா. பின்கழுத்தைத் துப்பட்டாவுக்கு விட்டால் முகத்துக்கு வைத்திருக்கிற 1.2 கிராமில் காது வரைக்கும் தாராளமாக வருகிறது.

மறுபடி போடுவது பற்றிக் கேட்பீர்கள். வெளியிலேயே நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும் என்பார்கள். டிராஃபிக்கில் நிற்கிறவர், உணவு டெலிவரிக்குச் சுற்றுகிற பையன், வாசலில் பூ விற்கிற அம்மா, இவர்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை போட்டால் பெரிய பேக்கிலேயே மாதம் 702 ரூபாய், முகத்துக்கு மட்டும். அந்த வருமானத்தில் அவர்களுக்குக் கிரீமைச் சொல்வது எனக்குக் கூசுகிறது. அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, கறுப்புக் குடை, இதற்குப் பிறகு மிச்சம் இருந்தால் கிரீம். என்னைப் போல உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குக் காலையில் முழு அளவு போதும், சாயந்திரம் ஐந்தரைக்குத் துப்பட்டா போதும், மதியம் வெளியே போக வேண்டி வந்தால் மட்டும் இன்னொரு தடவை. மாதத்துக்கு அப்படி ஐந்து, ஆறு நாள் வரும் என்று பட்ஜெட்டில் சேர்த்திருக்கிறேன்.

வீணாவதையும் கணக்கில் எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மே மாதம், வசதியாக இருக்கட்டும் என்று பாதிக்கு மேல் இருந்த டியூபை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வைத்தேன். ஒரு வாரம் கழித்து அமுக்கினால் முதலில் எண்ணெய் வந்தது, அப்புறம் தயிர் திரிந்த மாதிரி திட்டுத் திட்டாக. 250 ரூபாய் குப்பையில். ஸ்பிரேயும் வீண் கணக்குதான், மொட்டை மாடியில் அடித்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டு மாமரம் கறுக்காமல் இருந்திருக்கும். அதே போல இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் எடுக்கலாம், மூன்று 50 கிராம் டியூப் ஒருவருக்கு நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும், காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு டியூப் எடுத்து அடுக்க வேண்டாம், இடையில் ஒத்துக்கொள்ளாமல் போனால் எல்லாம் போச்சு.

இப்போது என் வீட்டில் 100 கிராம் பேக். வாங்கியது எனக்கு. பாதி அவருக்குப் போகிறது, "உன்னோடதுதானே, சும்மா கொஞ்சம்" என்று ஆரம்பித்து இப்போது இரண்டு விரல் சரியாக இழுக்கிறார், ஷேவ் செய்த கையோடு. அதனால் 83 நாள் வர வேண்டியது 41 நாளில் காலி. திறந்த தேதியை மார்க்கரில் டியூப் மேலேயே எழுதிவிடுகிறேன், அளவு சரியாகப் போகிறதா என்று தெரிய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தங்கைக்கும் அதையே செய்யச் சொன்னேன். போன வாரம் வாட்ஸ்ஆப்பில் அவளுடைய கொரியன் பாட்டில் படம், கீழே: "42 நாள்க்கா. காலி. இனிமே ஆபீஸ் நாளுக்கு உன் சுண்ணாம்பு, கல்யாணம் காட்சிக்கு மட்டும் இது. உன்னோட பேரு அனுப்பு."