ரேஷன் பாமாயிலா, செக்குக் கடலை எண்ணெயா? மூன்று சென்ட்டுக்கும் கால் ஏக்கருக்கும் நடக்கும் வழக்கு

எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் நான்கு எண்ணெய் இருக்கிறது. ரேஷனில் வாங்கிய பாமாயில் பாக்கெட், எவர்சில்வர் தூக்கில் செக்குக் கடலை எண்ணெய், இட்லிப் பொடிக்கென்று ஒரு பாட்டில் நல்லெண்ணெய், அப்பாவுக்குக் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று தெரிந்த நாளில் வாங்கி வைத்த சூரியகாந்தி ரீஃபைண்ட். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு வக்கீல் உண்டு. அம்மா பாமாயில் கட்சி. "தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு கார்த்திகை வரைக்கும் சிக்கு வாடை அடிக்காம இருந்துச்சா இல்லையா?" என்பது அவர் வாதம். தங்கை ஓராங்குட்டான் கட்சி. பாமாயில் தோட்டத்துக்காக ஓராங்குட்டான் குரங்குகள் வாழும் காடு எரிகிற காணொளி ஒன்றைப் பார்த்ததிலிருந்து பாமாயிலில் சுட்ட எதையும் தொடுவதில்லை. பிஸ்கட் மட்டும் தின்பாள். அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தை இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டை முடிய மாட்டேன் என்கிறது. சரி, உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை எடுத்தேன்.

முதலில் உடம்பு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். டீஸ்பூன் கணக்கில் ஆறு. தாளிக்க ஒன்று, பொரியலுக்கு ஒன்று, தோசைக்கு இரண்டு என்று போனால் மதியத்துக்குள் முடிந்துவிடும். இன்னொரு வரம்பு, நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லை ஏற்றுவது இதுதான். மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இதை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரிக்கு அது சுமார் 22 கிராம்.

இப்போது அந்த 27 கிராமையும் ஒரே எண்ணெயாக ஊற்றிப் பார்ப்போம். சூரியகாந்தி என்றால் அதில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 3 கிராம்தான். நல்லெண்ணெயில் 4, கடலை எண்ணெயில் 5. ரேஷனில் தரும் பாமோலினில், அதாவது பாமாயிலிலிருந்து பிரித்த தெளிந்த பகுதியில், 11, 12 கிராம் வந்துவிடும். பால், தயிர், முட்டை, கறி எதுவும் உள்ளே போகும் முன்பே பாதி வரம்பு காலி. இதற்காக அதை விஷம் என்று சொல்வது மிகை. ஆனால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்தால் எல்.டி.எல். இறங்கும் பக்கம்தான் போகும். இதயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அம்மா தோற்றுவிட்டார்.

முறுக்கு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வது சரி, அதற்குக் காரணமும் அதே கொழுப்புதான். நிறைவுற்ற கொழுப்பு காற்றோடும் சூட்டோடும் எளிதில் வினைபுரியாது. அதனால் எண்ணெய் சீக்கிரம் கெடுவதில்லை, பலகாரமும் நாள்பட நிற்கிறது. மிக்சர் போடுபவர்களும் பிஸ்கட் கம்பெனிகளும் பாமாயிலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு மலிவுக்கு அடுத்த காரணம் இது. மார்கழிக் காலையில் ரேஷன் பாக்கெட்டின் அடியில் வெண்மையாக உறைந்து கிடக்குமே, அதுவும் இதே கொழுப்பின் வேலைதான். பழசு என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம், வெயிலில் வைத்தால் தெளிந்துவிடும்.

அடுத்தது நிலம். தங்கை ஜெயித்துவிடுவாள் என்று நினைத்துத்தான் இந்தக் கணக்கையும் ஆரம்பித்தேன்.

நான்கு பேர் உள்ள வீடு, ஆளுக்கு 27 கிராம், வருடத்துக்குச் சுமார் 39 கிலோ. எங்கள் பக்கம் மானாவாரியில் ஆடிப்பட்டத்துக் கடலை ஏக்கருக்கு 600 கிலோ காய் விளைந்தால் மோசமில்லை என்பார்கள். உடைத்தால் பருப்பு 420 கிலோ தேறும். செக்கில் ஆட்டினால் எண்ணெய் 150 கிலோ. ஆக, எங்கள் வீட்டு வருட எண்ணெய்க்குக் கால் ஏக்கர் வேண்டும். நெல் தரிசில் விதைக்கும் எள்ளுக்கு அதைவிட மோசம், அரை ஏக்கர் பக்கம் போய்விடும். பாமாயில் நன்றாக விளையும் தோட்டத்தில் ஹெக்டேருக்கு மூன்றரை டன் எண்ணெய் தருகிறது. எங்கள் வீட்டுக்கு அதில் மூன்று சென்ட் போதும். மூன்றே சென்ட்! ஒரு வீடு கட்டுகிற மனை அளவு.

நான் தப்பாகக் கணக்குப் போடவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-ல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. எண்ணெய்ப் பயிர்களுக்கான நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் நின்றுகொண்டு, உலகத் தாவர எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறது பாமாயில். அதைத் தடை செய்தால் மற்ற எண்ணெய்களுக்கு ஒன்பது மடங்கு வரை நிலம் தேவைப்படலாம், சேதம் வேறு காட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான் என்றார்கள்.

ஆனால் அந்த மூன்று சென்ட் எங்கே இருக்கிறது என்பதில்தான் வழக்கு திரும்புகிறது. உலகப் பாமாயிலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் காட்டை அழித்து நட்ட தோட்டங்கள் ஏராளம். காடு போவது மட்டும் என்றாலும் பரவாயில்லை. பல இடங்களில் அது ஆயிரக்கணக்கான வருடங்களாக மட்காமல் சேர்ந்த இலைதழைகளால் ஆன சதுப்பு நிலம். அதில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காய்ந்து விறகாகிவிடும். ஒரு முறை தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே மாதக்கணக்கில் புகையும். 2015-ல் அந்தப் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடி, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். கடலை விளையும் கால் ஏக்கரோ தலைமுறை தலைமுறையாக உழுதுவரும் நிலம். அங்கே புதிதாகக் காடு எதுவும் போகவில்லை. கடலைச் செடியின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. பயிரும் 105, 110 நாளில் எழுந்துவிடும், அப்புறம் அதே நிலத்தில் வேறு எதையாவது போடலாம். கொடி மாட்டுக்கு, புண்ணாக்கும் மாட்டுக்கு. அந்தக் கால் ஏக்கரை முழுக்க எண்ணெயின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நம் ஆட்களுக்கும் இந்த மரத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. மலேசியத் தமிழர்கள் இதைச் செம்பனை என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம், மலாயாவில் வணிகத்துக்காக முதலில் நடப்பட்டது 1917-ல், சிலாங்கூரில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ரப்பர் விலை சரிந்தபோது பால்மரம் சீவிய குடும்பங்கள் பல செம்பனைக் குலை வெட்டப் போயின. இலங்கையில் இதே மரத்துக்கு முள்ளுத்தேங்காய் என்று பெயர். அங்கே 2021 ஏப்ரலில் பாமாயில் இறக்குமதிக்குத் தடை போட்டு, இருக்கும் தோட்டங்களையும் படிப்படியாக அழிக்கச் சொன்னது அரசு.

வெளிநாட்டுக் காடு வேண்டாம், இங்கேயே நடுவோம் என்று ஒரு யோசனை வரும். ஒன்றிய அரசு 2021-ல் 11,040 கோடி ரூபாயில் அதற்கு ஒரு திட்டமே அறிவித்தது. நம் ஊரில் இந்த மரத்துக்குக் கோடையில் நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் விட வேண்டும், ஏக்கருக்கு 57 மரம். பெருக்கிப் பாருங்கள், பதினோராயிரம் லிட்டர் தாண்டும். வாய்க்கால் பாசனம் உள்ளவர் செய்யட்டும். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி நடுவது, காட்டுக்குப் பதில் நிலத்தடி நீரை எண்ணெயாக்குவது.

விலைப் பேச்சு இல்லாமல் எண்ணெய்ப் பேச்சு முடியாது. 2007-லிருந்து ரேஷனில் பாமாயில் கிடைக்கிறது, கார்டுக்கு லிட்டர் 25 ரூபாய். செக்குக் கடலை எண்ணெய் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். தினக்கூலி வீட்டில் போய் "பாமாயில் இதயத்துக்கு ஆகாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே இரண்டு எண்ணெய்க்கு நடுவே போட்டி இல்லை. குழம்பில் எண்ணெய் இருப்பதா இல்லாமல் போவதா என்பதுதான் கேள்வி. 2022-ல் உக்ரைன் போரில் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டு, ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையும் நிறுத்தியபோது கடைகளில் விலை எப்படித் தாவியது என்பது யாருக்கும் மறந்திருக்காது. நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது.

ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடு என்று தென்னை விவசாயிகள் பல வருடமாகக் கேட்கிறார்கள். அவர்கள் வயிற்றுப்பாட்டைப் பார்த்தால் கோரிக்கை நியாயம். ஆனால் மேலே போட்ட 27 கிராம் கணக்கில் தேங்காய் எண்ணெயை ஊற்றினால் நிறைவுற்ற கொழுப்பு 23 கிராம், ஒரு நாள் வரம்பு அதிலேயே தாண்டிவிடும். அவியலில் கடைசியாக விடும் ஒரு கரண்டியை யாரும் தடுக்கவில்லை. மொத்தச் சமையலுக்கும் அதுவே என்றால்தான் சிக்கல். கடலை எண்ணெய் கொடு என்கிற கோரிக்கைக்கு இரண்டு கையையும் தூக்குவேன்.

அதற்காகச் செக்கு எண்ணெய் என்று எழுதியிருப்பதையெல்லாம் கும்பிட வேண்டாம். நான் வாங்கும் செக்கில் ஒரு நாள் கேட்டேன்: "அண்ணே, ஒரு லிட்டருக்கு எவ்வளவு பருப்பு போடுவீங்க?" மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "ரெண்டரை கிலோ தம்பி. அதுக்குக் கம்மியா சொன்னா எவனும் உண்மை பேசலன்னு வச்சுக்க." ரெண்டரை கிலோ பருப்பின் அன்றைய விலையைப் போட்டு, புண்ணாக்கில் திரும்புவதைக் கழித்துப் பாருங்கள். அதைவிட மலிவாக யாராவது செக்கு எண்ணெய் விற்றால், அந்த டின்னில் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

இன்னொரு சங்கதியைச் செக்கு விளம்பரங்கள் சொல்வதில்லை. சரியாகக் காயாத கடலையில் பூஞ்சை பிடிக்கும், அது அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், கல்லீரலுக்கு ஆகாது. ரீஃபைண்ட் செய்யும்போது அந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் வடிகட்டித் தெளிய வைப்பதோடு சரி, அப்படியே எண்ணெயில் தங்கலாம். அதனால் எண்ணெயைப் பார்ப்பதற்கு முன் பருப்பைப் பார்க்க வேண்டும். அந்த அண்ணன் கடை வாசலில் தார்ப்பாயில் பருப்பு காயும்; ஒரு பிடி அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், சுருங்கினதும் கறுத்ததும் தனியாகப் பொறுக்கிப் போட்டிருக்க வேண்டும். அதைப் பார்க்க விடாத செக்கில் நான் வாங்குவதில்லை.

அப்பாவின் சூரியகாந்திக்கு இதயப் பக்கம் நல்ல மதிப்பெண்தான். ரீஃபைண்ட் என்றாலே பெட்ரோல் ஊற்றி எடுப்பது என்று சுற்றும் பேச்சில் கால் பங்கு உண்மை: பெட்ரோலியத்திலிருந்து வரும் ஹெக்சேனில் கரைத்துத்தான் கடைசிச் சொட்டு வரை பிரிக்கிறார்கள், பிறகு ஆவியாக்கி நீக்குகிறார்கள். எனக்கு அதன் மேல் உள்ள குறை வேறு. அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிப்பதற்கு அது லாயக்கில்லை, சீக்கிரம் கெடும்.

போட்டியில் இல்லாமலே மேலே வந்தது தவிட்டு எண்ணெய். நெல் அரைக்கும்போது வரும் தவிட்டிலிருந்து எடுப்பது. நூறு கிலோ நெல்லுக்குத் தவிடு ஏழெட்டுக் கிலோ, அதில் எண்ணெய் ஒரு கிலோ சொச்சம். சோற்றுக்காக எப்படியும் விளையும் நெல்லின் உபரி, அதனால் ஒரு சென்ட் நிலம்கூடக் கூடுதலாக வேண்டாம். 27 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு 6 கிராம் அளவு, பொரிக்கவும் தாங்கும். மணம் கிடையாது, அதுதான் குறை. செக்கில் ஆட்ட முடியாது, ஆலையில்தான் எடுக்க வேண்டும். ஏனோ நம் வீடுகளில் தவிடு என்றால் மாட்டுக்கு என்று நின்றுபோனது.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி. தாளிப்பு, குழம்பு, பொரியல் எல்லாம் கடலை எண்ணெய். இட்லிப் பொடிக்கும் வத்தக்குழம்புக்கும் நல்லெண்ணெய். எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து வந்தது, அதை மேடையிலிருந்து இறக்க மனசு வரவில்லை. சூரியகாந்தி பாட்டில் தீர்ந்ததும் அந்த இடத்துக்குத் தவிட்டு எண்ணெய் வந்தது, தோசைக்கும் அப்பளத்துக்கும். வருடத்துக்கு இரண்டு முறை பலகாரம் சுட மட்டும் பாமாயில். சுட்டு மிஞ்சியதை மறுபடி அடுப்பில் ஏற்றுவதில்லை என்று அம்மாவிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கியாயிற்று. மற்ற மாதங்களில் ரேஷன் பாக்கெட் வாங்குவதில்லை.

அதோடு தூக்கில் ஆறு டீஸ்பூன் கணக்குக்கு ஒரு சின்னக் கரண்டி போட்டு வைத்தேன். முதல் மாதம் நாலரை லிட்டர் செலவானது, போன மாதம் நாலு. பூரி மாவு பிசைந்த அன்றைக்கெல்லாம் அந்தக் கரண்டி எப்படியோ காணாமல் போய்விடுகிறது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் தங்கையிடம் காட்டினேன். "அதுல கொஞ்சூண்டுதானே இருக்கும் அண்ணா" என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.