பழைய ராலே சைக்கிள்: பெடலைச் சரிசெய்வதா, புதிதாக மாற்றுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்பூட் பக்கத் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போனவர்கள் ஓட்டிய சைக்கிளை இன்னும் வைத்திருக்கிறீர்களா? பெடல் ஆடுகிறதென்றால், என் விருப்பம் பழைய ரப்பர் கட்டை பெடலையே காப்பாற்றுவதுதான். மூடியைக் கழற்றி, உள்ளே உருளும் சின்ன இரும்புக் குண்டுகளைக் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குண்டு தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். செருப்புக் காலுக்கு அந்த ரப்பர் எவ்வளவு இதம்! சைக்கிளின் அழகும் கெடாது.

புது அலுமினிய பெடல் எடை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் மலிவானவை பலவற்றைப் பிரிக்கவே முடியாது. ஆடத் தொடங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். அச்சு வளைந்துவிட்டால் மட்டும் புதுசுக்குப் போங்கள். 9/16 அங்குல மரையா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே துண்டாக வரும் கிராங்க் (பெடல் மாட்டும் இரும்புக் கை) என்றால் 1/2 அங்குலம்.

எதுவானாலும், இடது பெடலின் மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். துரு பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறட்டும். அப்புறம் மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதலில் விரலாலேயே திருகுங்கள். ஸ்பானரை எடுத்த எடுப்பில் போட்டால் கிராங்கின் மரை போய்விடும்.