லீஸ் முடிந்து வரும் மூன்று: பி1 ஜென் 4, பிரிசிஷன் 5560, ஸெட்புக் ஸ்டுடியோ ஜி8

மூன்று, நான்கு வருடம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் லீஸில் ஓடிவிட்டு, துடைத்து, ஸ்டிக்கர் உரித்து, சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைகளுக்கும், பழைய பொருள் விற்கும் கேரோசெல் தளத்துக்கும் வந்து சேரும் மெல்லிய லேப்டாப் வொர்க்‌ஸ்டேஷன்களைப் பற்றித்தான் இது. நான் ஊபியில் ஒரு சின்னக் கட்டமைப்புப் பொறியியல் அலுவலகத்தில் ரெவிட்டில் (கட்டடங்களை 3டியில் வரையும் ஆட்டோடெஸ்க் மென்பொருள்) மாடல் போடுபவன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, மாதத்தில் சில நாள் துவாஸ் பக்கம் சைட். பையில் போட்டு எம்ஆர்டியில் நின்றுகொண்டே தூக்கிப் போகிற எடையில், ரெவிட் திணறாத சொந்த மெஷின் ஒன்று வேண்டும் என்று தேடியபோது கடைசியில் நின்றவை மூன்று: லெனோவோ திங்க்பேட் பி1 ஜென் 4, டெல் பிரிசிஷன் 5560, ஹெச்பி ஸெட்புக் ஸ்டுடியோ ஜி8. மூன்றும் 2021இல் வந்தவை, மூன்றிலும் இன்டெல் 11ஆம் தலைமுறை ஹெச் வரிசை, மூன்றும் 1.8 கிலோவை ஒட்டியவை, மூன்றும் விண்டோஸ் 11க்குத் தகுதியானவை. மேக்புக்கை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, ரெவிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

கடைக்காரர்கள் ஐ7, ஐ9 என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அதை விடுங்கள். ஐ7-11850ஹெச் 4.8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், ஐ9-11950ஹெச் 5.0 வரை போகும், இரண்டிலும் எட்டு கோர். ரெவிட்டில் நாம் அன்றாடம் செய்யும் வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது, இந்த மெல்லிய உடலுக்குள் அந்த 5.0 நிலைத்து நிற்கப் போவதும் இல்லை. அந்தக் காசை வேறு எங்காவது போடலாம்.

எங்கே போடுவது? வாங்கிய பிறகு மாற்றவே முடியாத பாகங்களில். திரை, கிராபிக்ஸ், போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த மெமரி, இந்த மூன்றும் முதலில் ஆர்டர் கொடுத்த நிறுவனத்தின் ஐடி ஆள் முடிவு செய்தவை, நாம் அதோடுதான் வாழவேண்டும். எஸ்எஸ்டியை, பேட்டரியை, மெமரி ஸ்லாட் இருந்தால் மெமரியை, நாமே பார்த்துக்கொள்ளலாம்.

மெமரியில்தான் பெரிய வித்தியாசம். ரெவிட் 2025க்கு ஆட்டோடெஸ்க் சொல்வது குறைந்தது 16 ஜிபி, நடுத்தர வேலைக்கு 32, பெரிய மாடலுக்கு 64. கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் அரசுத் தளமான கோர்நெட் எக்ஸுக்கு ஐஎஃப்சி-எஸ்ஜி கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்ய கட்டடக்கலை, கட்டமைப்பு, எம்இபி (மின்சாரம், குளிரூட்டல், குழாய்) மூன்றையும் லிங்க் பண்ணித் திறந்து வைத்திருப்பவர்களுக்கு 16 என்பது பேச்சுக்கே இல்லை. பி1 ஜென் 4இலும் 5560இலும் இரண்டு டிடிஆர்4 ஸ்லாட், 64 ஜிபி வரை நாமே போடலாம். ஸெட்புக் ஸ்டுடியோ ஜி8இல் மெமரி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, அதிகபட்சம் 32. கடையில் கண்ணில் படுகிற ஜி8இல் 16தான் இருக்கிறதென்றால் அது என்றைக்கும் 16தான். என் வேலைக்கு அந்த ஒரு காரணத்திலேயே அது விழுந்துவிட்டது. (அடுத்த வருடத்து ஜி9இல் ஹெச்பி ஸ்லாட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. அது நல்ல விலையில் கிடைத்தால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.)

ஆனால் என் தங்கை ஜி8தான் எடுத்தாள், அதுவும் சரியான முடிவுதான். அவளுக்குப் பொருள் வடிவமைப்பு, ரெண்டரிங். நிறத்தைத் துல்லியமாகக் காட்டும் ஹெச்பியின் ட்ரீம்கலர் திரை போட்ட மெஷினாகத் தேடி, 32 ஜிபியோடு பெரிய கிராபிக்ஸ் இருப்பதைப் பிடித்தாள். கிராபிக்ஸில் 5560 என்விடியாவின் ஏ2000க்கு மேல் போகாது, அதிலும் கிராபிக்ஸ் மெமரி 4 ஜிபிதான். பி1உம் ஜி8உம் ஏ5000 வரை போகும். ரெவிட்டுக்கு மட்டும் என்றால் ஏ2000 போதும், என்ஸ்கேப், ட்வின்மோஷன் மாதிரி ரெண்டரிங் மென்பொருளில் கட்டடத்தைக் கிளையண்டுக்குச் சுற்றிக் காட்டுகிற ஆளுக்கு 4 ஜிபி நெருக்கும்.

திரை. ஜி8 இன்னும் 16:9. மற்ற இரண்டும் 16:10, அந்தக் கூடுதல் உயரம் ரெவிட்டில் ரிப்பனுக்கும் ப்ராபர்டீஸுக்கும் நடுவில் நசுங்கும் வரைபடத்துக்குப் போகிறது. பி1 16 அங்குலம், 2560×1600, 400 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு). 5560 15.6 அங்குலம், 1920×1200, ஆனால் 500 நிட். துவாஸில் கொள்கலன் அலுவலகத்துக் கதவைத் திறந்துவைத்து சைட் மேற்பார்வையாளருக்குக் கம்பி விவரம் காட்டுகிறபோது அந்த 100 நிட் தெரிகிறது. இரண்டிலும் 3840×2400 திரையும் உண்டு. பேட்டரியைத் தின்னும், பழைய ஆட்டோகேட் ஆட்-ஆன்களின் பெட்டிகள் எறும்பு சைஸில் வரும், நான் வேண்டாம் என்பேன்.

சார்ஜிங்கில் 5560 அழகாகத் தெரியும், கொஞ்சம் விசாரித்தால் சிக்கல் இருக்கிறது. இடப்பக்கம் இரண்டு தண்டர்போல்ட், வலப்பக்கம் ஒரு யுஎஸ்பி-சி, எதில் வேண்டுமானாலும் சொருகலாம். ஆனால் கூட வரும் 130 வாட் சார்ஜர் டெல்லின் சொந்த வழி. கையிலிருக்கும் 65, 100 வாட் சார்ஜரைப் போட்டால் ஏறும், ஆனால் வேகம் குறையும், துவக்கும்போது எச்சரிக்கையும் வரும். பழைய மெஷின் விற்கும் கடைகளில் அசல் சார்ஜருக்குப் பதில் ஏதோ ஒன்றைச் சுற்றித் தருவது சாதாரணம் என்பதால் சார்ஜரின் மேல் எழுதியிருக்கும் வாட்டைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். பி1க்குத் தனி சதுர முனை சார்ஜர், கனமானது, ஆனால் அது இருந்தால் சந்தேகமே இல்லை. கூடவே பி1இல் ஹெச்டிஎம்ஐயும் இரண்டு சாதாரண யுஎஸ்பியும் உண்டு, 5560இல் ஒன்றும் கிடையாது, கூட்ட அறைக்கு டாங்கிள் மறந்து போன நாளில் இது பெரிய விஷயம். கீபோர்டில் பி1ஐ மிஞ்ச இந்த மூன்றில் ஆளில்லை.

நான் பி1 எடுத்தேன். 16 ஜிபியோடு வாங்கி, 32 ஜிபி குச்சி இரண்டைத் தனியாக வாங்கிப் போட்டேன். அடிமூடியில் சாதாரண பிலிப்ஸ் திருகுதான், கழற்றினாலும் மூடியிலேயே தொங்கும், தொலையாது. 5560க்கு டி5 டார்க்ஸ் வேண்டும். மூடியைத் திறக்கும் முன் பி1இன் பயாஸில் (விண்டோஸ் துவங்கும் முன் போகும் அமைப்புத் திரை) உள் பேட்டரியை அணைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது, அதைச் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வாங்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள், நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். இதற்கு முன் ஒரு கடையில் வாங்கிய மெஷினில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு வைஃபையில் சேர்த்தேன், பழைய நிறுவனத்தின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நின்றது. அவர்களுடைய நிர்வாகப் பட்டியலிலிருந்து அதை யாரும் விடுவிக்கவே இல்லை. அதை வெளியிலிருந்து அவிழ்க்க நம்மால் முடியாது, அந்த நிறுவனம்தான் செய்யவேண்டும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள இரண்டு வாரம் நடந்தேன். ஆகவே கடையிலேயே ரீசெட் செய்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, உங்கள் கணக்கில் உள்ளே போய்ப் பாருங்கள். பயாஸுக்குள்ளும் போய்ப் பாருங்கள், திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் இருந்தால் முறையான தீர்வு போர்டை மாற்றுவதுதான்.

2012 செப்டம்பரிலிருந்து இங்கே, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று காட்டவேண்டியது விற்றவர் பாடு. பயன்படுத்திய பொருளுக்கும் செல்லும், வயதையும் விலையையும் பார்ப்பார்கள். ஆனால் கேரோசெலில் ஒரு தனி ஆளிடம் வாங்கினாலோ உங்கள் கம்பெனி பெயரில் பில் போட்டாலோ அது உதவாது. இதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் கடையில், சொந்தப் பெயரில், பில்லோடு வாங்கச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்யவேண்டியது கொஞ்சம்தான். இந்த 11ஆம் தலைமுறை மெஷின்களில் விண்டோஸை பென்டிரைவிலிருந்து போடும்போது எஸ்எஸ்டியே கண்ணில் படாமல் போகலாம். டிஸ்க் செத்துவிட்டது என்று பயப்படவேண்டாம், இன்டெல்லின் விஎம்டி டிரைவரைக் கொடுத்தால் தெரியும். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் ஓடுகிறதென்றால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் பயாஸ் அப்டேட்டைத் தொடவேண்டும். அப்புறம் சார்ஜ் எல்லை: பி1இல் லெனோவோ வான்டேஜ், டெல்லிலும் ஹெச்பியிலும் பயாஸ், எதுவானாலும் 80இல் நிறுத்துங்கள். மதியத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் வீவக அடுக்குமாடி வீட்டில், நாள் முழுக்க 100இல் சொருகியே கிடக்கும் பேட்டரி சீக்கிரம் உப்பும். மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள். இந்தத் தலைமுறையில் ஸ்லீப் என்பது பாதி விழிப்பு, பைக்குள் தானே எழுந்து அப்டேட் தேடிக்கொண்டிருக்கும், இறங்கவேண்டிய ஸ்டேஷன் வரும்போது பை முதுகில் சுடும்.

5560 நல்ல நிலையில், 32 ஜிபியோடு, அசல் சார்ஜரோடு கிடைத்து, உங்களுக்கு ரெண்டரிங் வேலை இல்லையென்றால் தயங்காமல் எடுங்கள், சர்வீஸ் டேகின் ஏழு எழுத்தை டெல் தளத்தில் போட்டு எந்தத் திரை, எந்தக் கிராபிக்ஸோடு தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று முதலில் பார்த்துக்கொண்டு.