உயிலா, செட்டில்மெண்டா? அப்பாவின் வீட்டை முன்வைத்து ஓர் அலசல்

பத்திர எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உயிலா, செட்டில்மெண்டா?" என்று கேட்டார். டீயா, காபியா என்று கேட்கிற அதே தொனி. அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைப் பார்த்தேன். "யோசித்துவிட்டு வருகிறோம்" என்று எழுந்து வந்துவிட்டோம். அந்த யோசனை மூன்று மாதம் ஓடியது.

அப்பாவுக்கு 74 வயது. கும்பகோணத்தில் இருக்கும் வீடு அவருடைய சொந்தச் சம்பாத்தியம். அம்மா, நான், தங்கை, தம்பி என்று நான்கு பேர். கையில் இருந்த வழிகள் மூன்று: உயில் எழுதுவது, தான செட்டில்மெண்ட் எழுதுவது, ஒன்றுமே எழுதாமல் விட்டுவிடுவது.

மூன்றாவதைத்தான் நம் வீடுகளில் அதிகம் பேர் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்தோம் என்று தெரியாமலேயே. எழுதாமல் போனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரித்துக் கொடுக்கும். மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. தந்தைக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. எங்கள் கணக்கில், அம்மா தன் வீட்டிலேயே கால் பங்குக்காரி ஆகிவிடுவார். முழு வீடும் அவர் பெயருக்கு வர வேண்டுமானால் பிள்ளைகள் மூவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும். மூவரில் ஒருவர் முகம் சுளித்தாலும் கதை வேறு. இதைச் சொன்னதும் அப்பாவே இந்த வழியைத் தள்ளிவிட்டார்.

மிச்சம் இரண்டு. வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: செட்டில்மெண்ட் பதிவான அன்றே சொத்து கைமாறுகிறது, உயில் எழுதியவர் கண்ணை மூடிய பிறகுதான் பேசத் தொடங்குகிறது. ஆனால் இந்த ஒரு வரிக்குள் எத்தனை குடும்பங்கள் விழுந்து எழுந்திருக்கின்றன என்பதற்கு என் அத்தையே சாட்சி. 2011இல் தன் வீட்டை மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தார். "எனக்குப் பிறகு அவனுக்குத்தானே" என்பதுதான் அவர் சொன்ன காரணம். பத்திரத்தில் நிபந்தனை ஏதும் இல்லை. நான்கே வருடத்தில் வீடு அடமானத்துக்குப் போனது. மாடி அறையில் இருந்த அத்தை முதலில் பின்கட்டுக்கு வந்தார், பிறகு தங்கை வீட்டுக்கு. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்று நாங்கள் சொன்னபோது, "பெற்ற பிள்ளை மேல் மனுவா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 60 வயதைக் கடந்த ஒருவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். சிக்கல், அந்த "நிபந்தனையோடு" என்ற சொல்லில்தான். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அடுத்த இரண்டு மாதத்தில், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: அன்பையும் பாசத்தையும் காரணம் காட்டி எழுதிய பத்திரத்தில் பராமரிக்கும் கடமை உள்ளடங்கியே இருக்கிறது என்றது. காற்று இப்போது முதியோர் பக்கம் அடிக்கிறது. ஆனாலும் ஒரு வரி எழுதினால் தீர்கிற விஷயத்துக்குத் தீர்ப்புகளை நம்பியிருப்பது எனக்கு உவப்பில்லை.

செட்டில்மெண்டின் பலம் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பதிவு கட்டாயம் என்பதால் அது வில்லங்கச் சான்றில் ஏறுகிறது. உடனே பட்டா மாற்றலாம். எழுதியவர் போன பிறகு யாரும் வந்து "கையெழுத்து அவருடையதே இல்லை" என்று எளிதில் சொல்ல முடியாது. செலவும் விற்பனைப் பத்திரம் அளவுக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை மதிப்பில் ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் ஏற்றிய உச்சவரம்பு இது. அதற்கு முன் 25,000, 4,000 என்று இருந்தது. 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு ஆக மொத்தம் 50,000.

உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்து, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, அவ்வளவுதான். பதிவும் கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத உயிலை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். எங்கள் தெருவில் ஒருவர் எழுதிவைத்த உயில், அவர் போன பிறகு அரிசி டின்னுக்கு அடியிலிருந்து கிடைத்தது. சாட்சிகள் இருவரும் அவருக்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். நீதிமன்றத்தில் உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும் என்பது விதி. சாட்சி இல்லாவிட்டால் கையெழுத்தை நிரூபிக்கும் சுற்றுவழி உண்டு. அந்தச் சுற்று எத்தனை வருடம் என்பது வக்கீலின் வேகத்தைப் பொறுத்தது. அதனால்தான் சாட்சி உங்களைவிட இளையவராக இருக்க வேண்டும். முடிந்தால் ஒருவர் மருத்துவராக இருக்கட்டும். நல்ல நினைவோடு எழுதினார் என்பதற்கு அதைவிடப் பலமான சாட்சியம் இல்லை.

பதிவு செய்த உயில் சார் பதிவாளர் அலுவலகத்தில் தனிப் புத்தகத்தில் ஏறும். வில்லங்கச் சான்றில் தலைகாட்டாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கும் அவர் அதிகாரம் கொடுத்த முகவருக்கும்தான் கிடைக்கும். மகனே போய்க் கேட்டாலும் கிடையாது. இந்த ரகசியம் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். சென்னை மாநகரச் சொத்து என்றால் உயர் நீதிமன்றத்தில் ப்ரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கியாக வேண்டும் என்ற பழைய தொல்லை, 2025 டிசம்பரில் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு நீக்கப்பட்டதோடு ஒழிந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பத்திர எழுத்தர்கள் தாமாகச் சொல்வது அபூர்வம். ஆயுட்கால அனுபவ உரிமையைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு செட்டில்மெண்ட் எழுதலாம். உயிருள்ளவரை குடியிருக்கும் உரிமையும் வாடகை வாங்கும் உரிமையும் எழுதியவருக்கு. வீட்டின் சொத்துரிமை மட்டும் இன்றே மாறும். அனுபவத்தை விட்டுக்கொடுக்காமல் தானம் கொடுக்கலாம் என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கூடவே பராமரிப்பு நிபந்தனையையும் தெளிவாக எழுதிவிட்டால் அத்தைக்கு நேர்ந்தது நேராது. கணவனை இழந்த மகளுக்கோ, உடல் நலமில்லாத பிள்ளைக்கோ எழுதும்போது, பிறகு மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் நான் இதைத்தான் சொல்வேன். மனம் மாறினால் திரும்பப் பெற முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இதெல்லாம் சொந்தச் சம்பாத்தியச் சொத்துக்கு. பூர்வீகச் சொத்தில் தன் பங்கைத்தான் எழுத முடியும். மகளும் அதில் பிறப்பாலேயே பங்காளி. இஸ்லாமியர் உயிலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. அப்புறம், "வங்கியில் நாமினி போட்டாயிற்றே" என்பவர்களுக்கு: வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர், உரிமையாளர் அல்ல. "மகனுக்குப் பவர் கொடுத்திருக்கிறேனே" என்பவர்களுக்கு: எழுதியவர் சுயநினைவு இழந்தாலே பவர் பத்திரம் காலாவதி, அதாவது மிகவும் தேவைப்படும் நாளில்.

அப்பா உயிலைத்தான் எடுத்தார். வீடு அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்பதுவரை எங்களுக்குச் சொன்னார். பதிவு செய்த மறு வருடமே தனியாக ஆட்டோ வைத்துக்கொண்டு போய் அதை ரத்து செய்துவிட்டு வேறொன்று எழுதிவிட்டு வந்தார். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "எழுத்துப் பிழை" என்றார். தம்பி இப்போதெல்லாம் மாதம் இரண்டு முறை ஊருக்கு வருகிறான். போன வாரம் நானும் போயிருந்தேன், அப்பாவுக்குப் பிடிக்குமே என்று கிலோ ஒன்றரை வஞ்சிரம் வாங்கிக்கொண்டு.